பழைய படகில் புது இன்ஜின்: ஷாஃப்ட்டோடு நேர் பார்ப்பது

இன்ஜினை இறக்கும் முன்பே கியர்பாக்ஸ் விகிதத்தையும் சுழலும் திசையையும் பழையதோடு ஒப்பிடுங்கள். மாறினால் புரொப்பெல்லரையும் மாற்ற வேண்டிவரும்.

இன்ஜினும் புரொப்பெல்லரைச் சுழற்றும் ஷாஃப்ட்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று நேர் பார்ப்பதைக் கரையிலேயே முடித்துவிடாதீர்கள். தண்ணீரில் படகின் உடல் சற்றே வளையும். ஓரிரு நாள் மிதக்கவிட்டு, ஷாஃப்ட் தொங்காமல் தாங்கிப் பிடித்து, இன்ஜின் பக்கத்தையும் ஷாஃப்ட்டையும் இணைக்கும் இரண்டு கப்ளிங் தட்டுகளின் முகங்களையும் கையால் ஒட்டவையுங்கள். மேல், கீழ், இடம், வலம் நான்கிலும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துப் பாருங்கள். கப்ளிங்கின் 100 மி.மீ. விட்டத்துக்கு 0.1 மி.மீ. இடைவெளி வித்தியாசம்தான் எல்லை.

பிறகு ஷாஃப்ட்டை மட்டும் அரைச் சுற்று திருப்புங்கள். இடைவெளியும் கூடவே சுற்றி வந்தால் ஷாஃப்ட்டோ அதன் கப்ளிங்கோ கோணல். இன்ஜினைத் தாங்கும் மவுன்ட்டை எவ்வளவு திருகினாலும் பயனில்லை. இருந்த இடத்திலேயே நின்றால் மவுன்ட் நட்டில்தான் வேலை. இறுக்கியபின் மறுபடி அளந்துவிடுங்கள். நட்டு இறுகும்போதே இன்ஜின் மெல்ல நகர்ந்துவிடும்.