அடுத்த கேம்பெயின் எது? பிடிக்காததை அடிக்கச் சொல்லுங்கள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போல, ஆளுக்கொரு கதாபாத்திரமாகக் கூடி உட்கார்ந்து ஆடும் கதை விளையாட்டில் பல நாள் நீளும் தொடர்கதைதான் கேம்பெயின். அடுத்த கேம்பெயினுக்கு "எது வேணும்?" என்று குழுவிடம் கேட்காதீர்கள். நான்கைந்து கதைகளை ஒவ்வொன்றும் இரண்டே வரியில் எழுதி அனுப்பி, "இதில் எதை ஆடவே மாட்டீங்க?" என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒரு கதையை ஒரே ஒருவர் அடித்துவிட்டாலும் அது பட்டியலுக்கு வெளியே.

ஓட்டெடுப்பில் மூன்று பேர் ஜெயித்தால், மற்ற இரண்டு பேர் அரை மனதோடு வந்து உட்காருவார்கள். மாதக்கணக்கில் நீளும் கதையில் முதலில் செஷனுக்கு, அதாவது ஒரு நாள் ஆட்டத்துக்கு, வராமல் போவதும் அவர்கள்தான். எது பிடிக்கும் என்பதில் எல்லோருக்கும் குழப்பம் இருக்கும். வாளையே உருவாமல் அரசவையில் பேசிக்கொண்டே இருப்பது ஒத்துவராது என்பதில் யாருக்கும் குழப்பம் இருக்காது.

இரண்டு கதை மிஞ்சினால் புத்தகம் வாங்கும் முன் ஒரு செஷன் ஆடிப் பாருங்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் 'கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்' கேம்பெயினின் தொடக்க சாகசமான 'டெத் ஹவுஸ்' பகுதியைப் பதிப்பாளரே 2016இல் இலவச பிடிஎஃப்பாக வெளியிட்டார்கள். புதிதாகத் தொடங்கும் முதல் லெவல் கேரக்டர் (கதாபாத்திரம்) போதும். அந்தத் திகில் உங்கள் குழுவுக்குச் சரிப்படுமா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

ஒரே இரவில் முடியும் சாகசத்துக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். ஆட்டத்தை நடத்துபவரான டன்ஜன் மாஸ்டருக்கே நடத்த ஆசையில்லாத கதையைப் பட்டியலில் சேர்க்கவே கூடாது. எல்லாமே அடிபட்டுப் போனால் கதையில் குறையில்லை. அப்புறம் கொஞ்ச நாள் இடைவெளி விடுவதா, வேறு விதிமுறை உள்ள விளையாட்டுக்கு மாறுவதா என்று உட்கார்ந்து பேசுங்கள்.