பிரேக் ஷாஃப்ட்: பிரிட்ஜை அளந்துவிட்டு வாங்குங்கள்

பூல் ஆட்டத்தில் பிரேக்குக்கு, அதாவது அடுக்கிய பந்துகளைச் சிதறடிக்கும் முதல் அடிக்கு, ஷாஃப்ட் (கியூ கம்பின் முன்பாதி) தேடுகிறவர்கள் முதலில் கேட்பது, "எதுல வேகம் ஜாஸ்தி?" என்பதுதான். கோவை, பொள்ளாச்சி, பாலக்காடு பக்கத்துப் பார்லர்களில் நின்று பார்த்தால் கதை வேறு. பிரேக் கெடுவது பெரும்பாலும் வேகம் போதாமல் இல்லை. கியூ பால் (நாம் அடிக்கும் வெள்ளைப் பந்து) அடுக்கின் முன்பந்தில் நேராக முட்டாமல் ஓரத்தில் பட்டு, பக்கவாட்டில் ஓடிப் பாக்கெட்டுக்குள் போவதால்தான். முழு பலத்தில் அடிக்கும்போது பின்கை கொஞ்சம் விலகும். அது யாருக்கும் நடக்கும். அந்த விலகலை எந்த ஷாஃப்ட் பொறுத்துக்கொள்கிறதோ அதுதான் உங்கள் ஷாஃப்ட்.

பின்கை இடப்பக்கம் விலகினால் கியூவின் நுனியில் ஒட்டிய டிப் பந்தின் வலப்பக்கம் படும். அப்போது இரண்டு காரியம் சேர்ந்து நடக்கிறது. கியூ முழுவதும் பிரிட்ஜ் கையை (மேஜைமேல் ஊன்றிக் கியூவைத் தாங்கும் முன்கையை) அச்சாக வைத்துத் திரும்பியிருப்பதால் அதன் முனை வலப்பக்கம் பார்க்கும். அதே சமயம், நடுவை விட்டு ஒதுங்கிப் பட்ட அடி பந்தை இடப்பக்கம் தள்ளும். இந்தத் தள்ளலைத்தான் டிஃப்ளெக்ஷன் என்கிறார்கள். ஷாஃப்டின் முன்நுனி கனமாக இருந்தால் தள்ளல் கூடும். மெல்லியதாக, உள்ளே குடைந்ததாக இருந்தால் குறையும். பிரிட்ஜுக்கும் பந்துக்கும் உள்ள தூரம் ஒரு குறிப்பிட்ட அளவில் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டி, கை விலகினாலும் பந்து நேராகப் போகும். அந்தத் தூரம்தான் ஷாஃப்டின் பிவட் நீளம். சாதாரண 13 மி.மீ. மேப்பிள் மர ஷாஃப்டுக்கு இது ஏறத்தாழ 8 முதல் 12 அங்குலம். லோ டிஃப்ளெக்ஷன் (தள்ளல் குறைந்த) ஷாஃப்டுகளுக்கு அதைவிட நீளம்.

ஆகவே 'லோ டிஃப்ளெக்ஷன்' என்று பெட்டியில் போட்டிருப்பது பிரேக்குக்குத் தனிச் சிறப்பு ஆகிவிடாது. சைடு வைத்து (பந்து சுழல, நடுவை விட்டுப் பக்கவாட்டில் அடித்து) ஆடுகிற ஆட்டத்துக்கு அது நல்லது. ஆனால் பிரிட்ஜ் கையைப் பந்திலிருந்து 9 அங்குலத்தில் வைத்து பிரேக் அடிக்கிறவர் மெல்லிய கார்பன் ஷாஃப்டை வாங்கினால், கை விலகும் ஒவ்வொரு முறையும் தவறு முழுதாகச் சரிக்கட்டப்படாமல் ஒரு பங்கு பந்துக்குப் போகும்.

கடையிலோ பார்லரிலோ இதைச் சோதிக்கக் கால் மணி நேரம் போதும். முதலில் உங்கள் வழக்கமான பிரேக் நிலையில் நின்று, பிரிட்ஜ் விரலிலிருந்து பந்து வரை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். பந்துகளை அடுக்க வேண்டாம். கியூ பாலை ஹெட் ஸ்பாட்டில் (மேஜையில் பிரேக் அடிக்கும் பக்கத்து நடுப்புள்ளி) வைத்து, எதிர்ப்பக்க ரெயிலில் பதித்த டைமண்ட் குறிகளில் நடுக் குறிக்கு மேல் ஒரு சாக்கை (டிப்பில் தேய்க்கும் நீலக் கட்டியை) வையுங்கள். பந்தின் நடுவில் குறி வைத்து, கியூவைச் சாக்குக்கு நேராக நிறுத்துங்கள். இப்போது பிரிட்ஜ் கையை அசைக்காமல் பின்கையை மட்டும் நகர்த்தி, டிப் 5, 6 மி.மீ. வலப்பக்கம் வரும்படி வையுங்கள். கியூவை முடிந்தவரை மட்டமாகப் பிடித்து, பிரேக் வேகத்துக்குக் கிட்டத்தட்ட அடியுங்கள். மெதுவாக அடித்தால் பந்து வழியில் வளைந்து கணக்கைக் குழப்பும்.

பந்து சாக்குக்கு நேர்கீழே குஷனில் பட்டால் பொருத்தம் சரி. சாக்குக்கு வலப்பக்கம் பட்டால் ஷாஃப்டின் பிவட் நீளம் உங்கள் பிரிட்ஜைவிட அதிகம். இடப்பக்கம் பட்டால் குறைவு. இடது சைடிலும் இதையே செய்யுங்கள், பக்கத்தை மாற்றிக் கணக்கிடுங்கள். ஒவ்வொரு பக்கமும் ஏழெட்டு அடியாவது பாருங்கள். ஓர் அடியை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். பிரிட்ஜை ஓர் அங்குலம் கூட்டியோ குறைத்தோ சரியாகிறது என்றால் பழகிக்கொள்ளலாம். இரண்டு அங்குலத்துக்கு மேல் மாற்ற வேண்டியிருந்தால் வேறு ஷாஃப்ட் பாருங்கள். பழகிய பிரிட்ஜை ஒரு கம்புக்காக மாற்றுவது வீண் வேலை.

கனத்தை விட்டுவிடலாம். பிரேக் கியூ மொத்தம் 18 முதல் 21 அவுன்ஸுக்குள் எதுவானாலும் கைக்கு வேகம் வருவதுதான் கணக்கு. டிப்பின் அகலம் 13 மி.மீ. ஒட்டி இருந்தால் போதும். உலகப் பூல் சங்க விதிப்படி 14 மி.மீ. தாண்டக் கூடாது.

டிப் விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஃபெனாலிக், ஜி10 போன்ற கல் மாதிரியான டிப்கள் தோல் டிப்பைவிடக் கூடுதல் விசையைப் பந்துக்குக் கடத்தும், உண்மைதான். ஆனால் அவற்றில் சாக் சரியாக நிற்காது. நடுவை விட்டுக் கொஞ்சம் விலகினாலே வழுக்கிப் போகும். நல்ல பூல் பந்துகளும் ஃபெனாலிக் ரெசின்தான். கல்லோடு கல் மோதுவதுபோல் மோதி, கியூ பாலில் சின்னச் சின்னக் காயங்கள் விழும். சில பார்லர்காரர்கள் இந்த டிப்பைக் கண்டாலே முகம் சுளிப்பது அதனால்தான். போட்டிக்குப் போகிறவர்கள் அந்தப் போட்டியில் இது அனுமதியா என்று முன்பே கேட்டுவிட வேண்டும். புதிதாக வாங்குகிறவருக்கு எங்கள் சிபாரிசு, அழுத்திச் செய்த கெட்டித் தோல் டிப். விசையில் கொஞ்சம் குறைந்தாலும் பந்து கைக்கு அடங்கும்.

டிப்புக்குக் கீழே உள்ள வெள்ளை ஃபெரூலை ஈரத்துணியால் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள். துடைத்தும் போகாத மயிர்க்கோடு நீலமாகத் தெரிந்தால் அது விரிசலுக்குள் இறங்கிய சாக். பழைய ஷாஃப்ட் வாங்கும்போது இதைப் பார்க்காமல் விடாதீர்கள். பிரேக்கில் முதலில் உடைவது அந்த இடம்தான்.

ஜாயின்ட் (ஷாஃப்டும் கியூவின் பின்பாதியான 'பட்'டும் திருகிச் சேரும் இடம்) பொருந்துகிறதா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அதன் திருகாணியில் 3/8-10 பின், ரேடியல் பின் என்ற இரண்டு வகையும் தூரத்துப் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். மாற்றித் திருகினால் உள்ளே இருக்கும் மரை போய்விடும். உங்கள் கியூவின் 'பட்'டைக் கையோடு எடுத்துப் போய்த் திருகிப் பாருங்கள். இரண்டு வளையமும் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். இடைவெளி இருந்தால் அடிக்கும்போது கிடுகிடுக்கும்.

இனி மரமா கார்பனா. இந்தப் பக்கத்தில் இதற்கு விடை சொல்வது பாலக்காட்டுக் கணவாய். ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் வாளையாருக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், ஈரம் ஏறும். மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து கணவாய் வழியே காய்ந்த காற்று அடிக்கும். ஒரே மேப்பிள் ஷாஃப்டை இரண்டு பக்கமும் எடுத்துப் போய் ஆடுகிறவர்களுக்கு அது மழைக்காலத்தில் கைக்குள் பிசுபிசுக்கும், சில சமயம் கோணும். கார்பனுக்கு இந்தத் தொந்தரவு இல்லை. பிவட் சோதனையில் பாஸான கார்பன் ஷாஃப்ட் கிடைத்து, கையில் பணமும் இருந்தால் அதையே எடுங்கள். மரம்தான் என்றால், வாங்கும் முன் ஷாஃப்டை மட்டும் கழற்றி மேஜையில் உருட்டி, நடுப்பகுதிக்கும் துணிக்கும் இடையில் வெளிச்சம் ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். 'பட்'டோடு சேர்த்து உருட்டினால் ஜாயின்டின் கோணலையும் ஷாஃப்டின் கோணலையும் பிரித்தறிய முடியாது. பிசுபிசுப்புக்குப் பவுடர் போடாதீர்கள். மேஜைத் துணி நாசமாகும். காய்ந்த மைக்ரோஃபைபர் துணியால் சூடேறும்வரை தேய்த்தால் போதும், இல்லாவிட்டால் கையுறை. வெயிலில் நிறுத்திய காரில் மரமோ கார்பனோ எதையும் விட்டுவைக்க வேண்டாம், டிப் ஒட்டிய பசை இளகும்.

ஸ்னூக்கர் கியூவிலேயே பூல் பிரேக்கும் அடிப்பது இங்கே சகஜம். அதன் டிப் 9.5, 10 மி.மீ.தான், பெரிய பூல் பந்தை முழு வேகத்தில் அடித்தால் டிப் காளான்போல் விரியும், நாளடைவில் பித்தளை ஃபெரூலும் தளரும். தனி ஷாஃப்ட் வாங்கும்வரை பார்லரில் கிடக்கும் பொதுக் கியூக்களில் கோணாத ஒன்றாக, டிப் தேய்ந்து இறுகிய ஒன்றாகப் பார்த்து பிரேக்குக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.