கனடா பிஆர்: அழைப்பு வரும் முன்பே முடித்து வைக்க வேண்டியவை

கனடாவில் நிரந்தரமாக வசிக்கும் உரிமைக்கு (பிஆர்) புள்ளி போட்டு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் முறைதான் எக்ஸ்பிரஸ் என்ட்ரி. அதில் விண்ணப்பிக்கச் சொல்லி அழைப்பு வந்த நாளிலிருந்து முழு விண்ணப்பத்தையும் போட 60 நாள்தான். அதற்குள் பல்கலைக்கழகம், பழைய கம்பெனி, வங்கி, போலீஸ் என்று எல்லா வாசலிலும் போய் நிற்க முடியாது. அதனால் காலாவதியாகாத காகிதங்களை முதலில் எடுங்கள், சீக்கிரம் காலாவதியாகிறவற்றைக் கடைசிக்கு வையுங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வை எழுதிவிட்டு மற்றவற்றுக்கு அலைகிறார்கள். அதன் மதிப்பெண்ணுக்கு ஆயுள் 2 வருடம் மட்டுமே.

முதலில் பெயர்

நம் ஊர் விண்ணப்பங்களில் சிக்கல் ஆரம்பிப்பதே இனிஷியலில்தான். பாஸ்போர்ட்டில் ‘கார்த்திகேயன் சுப்பிரமணியன்’, டிகிரியில் ‘எஸ். கார்த்திகேயன்’, பான் கார்டில் ‘கார்த்திகேயன் எஸ்’ என்று மூன்று பேர் நிற்பார்கள். பாஸ்போர்ட்டை அடிப்படையாக வைத்து மற்றவற்றில் மாற்ற முடிந்ததை மாற்றுங்கள். மாற்ற முடியாத பழைய சான்றிதழ்களுக்கு, எல்லாப் பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் அஃபிடவிட் எடுத்து வையுங்கள். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருந்தால், விண்ணப்பத்தில் முழுப் பெயரையும் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டு, இயற்பெயர் (கிவன் நேம்) கட்டத்தைக் காலியாக விட வேண்டும்.

கூடவே திருமணப் பதிவுச் சான்றிதழையும் எடுத்துவிடுங்கள். பத்திரிகையும் மண்டப ரசீதும் உதவாது. குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் அதையும் இப்போதே சேர்த்துவிடுங்கள். தமிழில் மட்டும் உள்ள ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு தேவை. அதை வீட்டாரே செய்தால் ஏற்க மாட்டார்கள்.

படிப்பும் வேலையும்

உங்கள் பட்டம் கனடாவில் எதற்குச் சமம் என்று சொல்லும் கல்வி மதிப்பீட்டுக்கு 5 வருட ஆயுள் உண்டு, தயங்காமல் தொடங்கலாம். இந்த மதிப்பீட்டைச் செய்யும் நிறுவனங்களில் ஒன்றான டபிள்யூஇஎஸ் வழியாகப் போனால் முதலில் அங்கே கணக்கைத் திறந்து குறிப்பு எண்ணை வாங்குங்கள். டிரான்ஸ்கிரிப்ட் (பல்கலைக்கழகம் தரும் மொத்த மதிப்பெண் பட்டியல்) வரும் உறையின் மேல் அந்த எண் இருக்க வேண்டும். அதை அனுப்ப வேண்டியது பட்டம் கொடுத்த பல்கலைக்கழகம். நீங்கள் படித்த இணைப்புக் கல்லூரியின் முத்திரை போதாது. ஒரு செமஸ்டர் மார்க் ஷீட் தொலைந்திருந்தால் நகல் வாங்கவே மாதக்கணக்கில் ஆகலாம், எனவே பழைய ஃபைலை இன்றே எண்ணிப் பாருங்கள்.

அதிக விண்ணப்பங்கள் சறுக்குவது வேலைக் கடிதத்தில். ரிலீவிங் லெட்டரில் பதவியும் தேதியும்தான் இருக்கும். கனடா கேட்பது அதைவிட அதிகம்: கம்பெனி லெட்டர்ஹெட்டில் பதவி, சேர்ந்த மற்றும் விலகிய தேதிகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுச் சம்பளமும் சலுகைகளும், முக்கியப் பொறுப்புகள், கையெழுத்துப் போட்டவரின் பெயரும் தொடர்பு விவரமும். பொறுப்புகள் நீங்கள் தேர்ந்தெடுத்த என்ஓசி குறியீட்டோடு (கனடா அரசு ஒவ்வொரு வேலை வகைக்கும் கொடுத்திருக்கும் எண்) பொருந்த வேண்டும், ஆனால் அரசுத் தளத்தில் உள்ள வரிகளை அப்படியே ஒட்டினால் அதிகாரிக்குச் சந்தேகம்தான் வரும். ஹெச்ஆர் இப்படிக் கடிதம் தர மறுப்பது சகஜம். அப்போது உங்கள் மேலாளர் எழுதிய கடிதம், நோட்டரி அஃபிடவிட், பே ஸ்லிப், ஃபார்ம் 16, சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு, ஹெச்ஆர் ஏன் தரவில்லை என்ற விளக்கம் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். ஏற்பது அதிகாரியின் முடிவு. அதனால்தான் ராஜினாமா செய்யும் நாளிலேயே கேட்டு வாங்கிவிடுவது நல்லது.

பணம்

கனடாவில் குடியேறப் போதிய பணம் இருக்கிறது என்று காட்ட வங்கிக் கடிதம் வேண்டும். அதில் கணக்கு தொடங்கிய தேதி, இன்றைய இருப்பு, 6 மாதச் சராசரி இருப்பு, பாக்கிக் கடன் எல்லாம் இருக்க வேண்டும். எனவே பணம் குறைந்தது 6 மாதம் முன்பே கணக்கில் உட்கார்ந்திருக்கட்டும். நகைக்கடன் வாங்கிக் காட்டினால் அது கடன்தான், கணக்கில் வராது. வீட்டு மதிப்பும் வராது. பெற்றோர் கொடுத்தால், திருப்பித் தர வேண்டியதில்லை என்ற கிஃப்ட் டீடும் பணம் வந்த வழியும் சேர வேண்டும். 2025 ஜூலையில் அறிவித்த கணக்குப்படி காட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை தனி ஆளுக்கு 15,263 கனடிய டாலர், நால்வர் குடும்பத்துக்கு 28,362. தொகை ஆண்டுதோறும் மாறும். கூட வராத மனைவியையும் குழந்தையையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். அவர்களை விண்ணப்பத்தில் குறிப்பிடாமல் விட்டால் பின்னால் ஸ்பான்சர் செய்யவும் முடியாமல் போகலாம்.

மொழி, வயது

அழைப்பு வருவது மொத்தப் புள்ளிகளைப் பொறுத்தது. வயதுக்கு மட்டும், தனி ஆளுக்கு 20 முதல் 29 வரை 110 புள்ளி. 35இல் 77, 40இல் 50, 45இல் பூஜ்யம். பிறந்தநாளைத் தள்ளிப்போட முடியாது, மொழியில்தான் ஈடுகட்ட முடியும். ஐஇஎல்டிஎஸ் ஜெனரலில் கேட்டலில் 8, மற்ற மூன்றிலும் 7 எடுத்தால், கனடாவின் ஆங்கில அளவுகோலான சிஎல்பியில் 9. ஒன்றில் அரை பேண்ட் குறைந்தாலும் புள்ளிகள் நன்றாகவே இறங்கும், மறுபடி எழுதுவது வீண்செலவல்ல. ஒன்றரை, இரண்டு வருடம் கையில் இருக்கிறதா? பிரெஞ்சு படியுங்கள். நான்கு திறனிலும் என்சிஎல்சி (பிரெஞ்சுக்கான அதே மாதிரி அளவுகோல்) 7 வந்தால் 50 புள்ளி வரை கூடுதல். 2023 முதல் பிரெஞ்சுக்கென்றே தனி அழைப்புச் சுற்றுகளும் நடக்கின்றன. வேலை வாய்ப்புக் கடிதத்துக்குக் கிடைத்த புள்ளிகளை 2025 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். அதை விற்க வருபவரை நம்பாதீர்கள்.

கடைசியில்

இப்போது வசிக்கும் நாட்டின் போலீஸ் சான்றிதழ், விண்ணப்பத்துக்கு முந்தைய 6 மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். கடந்த 10 வருடத்தில், 18 வயதுக்குப் பிறகு, 6 மாதம் தொடர்ந்து தங்கிய சிங்கப்பூர், துபாய் போன்ற இடங்களுக்கும் தனித்தனியே வேண்டும். 2025 ஆகஸ்ட் 21 முதல் மருத்துவப் பரிசோதனையும் விண்ணப்பத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும், அதுவும் கனடா அரசு அங்கீகரித்த மருத்துவரிடம் மட்டும்.

விண்ணப்பத்தில் கேட்கும் உங்கள் கடந்த 10 வருட வரலாற்றில் ஒரு மாதம்கூட இடைவெளி விடாதீர்கள். வேலையில்லாமல் இருந்தால் அப்படியே எழுதுங்கள். பொய் பிடிபட்டால் 5 வருடத் தடை. ஏஜென்ட் வைத்தாலும் அவர் கனடாவில் உரிமம் பெற்றவரா என்று பாருங்கள், கணக்கின் பாஸ்வேர்டை உங்கள் கையிலேயே வைத்திருங்கள், அனுப்பும் முன் ஒவ்வொரு படிவத்தையும் நீங்களே படியுங்கள்.