ஃபோர்ட் மாடல் ஏ பின் சக்கர ஹப்: பேரிங்கை மட்டும் மாற்றினால் போதாது

1928-31 ஃபோர்ட் மாடல் ஏ காரில் பின் சக்கரம் உறுமினால் புது பேரிங் வாங்கிப் போட்டு மூடிவிடுவதுதான் வழக்கம். கொஞ்ச தூரம் ஓடியதும் அதே சத்தம் திரும்ப வரும். காரணம் அந்த பேரிங்கின் அமைப்பிலேயே இருக்கிறது. அதற்கு உள்வளையமும் கிடையாது, வெளிவளையமும் கிடையாது. கூண்டில் அடுக்கிய உருளைகள் மட்டும்தான். அசையாமல் நிற்கும் ஆக்சில் ஹவுசிங்கின் (சக்கரத்தைச் சுழற்றும் அச்சை உள்ளே வைத்திருக்கும் குழாயின்) முனை மேல் ஒரு பக்கமும், சுழலும் ஹப்பின் (சக்கரத்தின் நடுக்குடத்தின்) உட்சுவரில் மறுபக்கமுமாக அவை நேரடியாக உருளுகின்றன. இந்த இரண்டு தடங்களும் தேய்ந்திருக்கும்போது உருளைகளை மட்டும் புதிதாக மாற்றிப் பலனில்லை.

தேய்மானத்தை எங்கே தேடுவது என்பதிலும் பலர் தவறுகிறார்கள். ஹவுசிங் சுழலாததால் வண்டியின் பாரம் எப்போதும் அதன் அடிப்பக்கத்தில்தான் இறங்கும். மேற்பகுதி பளபளவென்று இருக்க, அடியில் உருளைத் தடம் பள்ளமாகியிருக்கும். மேலே பார்த்துவிட்டு 'நல்லாத்தான் இருக்கு' என்று விடாதீர்கள். விரல் நகத்தை அடிப்பக்கம் குறுக்காக ஓட்டுங்கள். விளிம்பு தட்டினால் தேய்ந்துவிட்டது என்று பொருள். பிறகு மைக்ரோமீட்டரால் தடத்தின் மேல்-கீழ் விட்டத்தையும், முன்-பின் விட்டத்தையும் அளந்து ஒப்பிடுங்கள். ஹப்பின் உட்சுவரில் உருளை நீளத்துக்குக் கோடு கோடாகப் பதிந்திருந்தாலோ, பொரிந்து குழிந்திருந்தாலோ அந்த ஹப்பும் கழிவுதான்.

தேய்ந்த ஹவுசிங் முனையை வெல்டிங்கால் நிரப்பி லேத்தில் கடைந்துகொள்ளலாம் என்று சொல்பவர்கள் உண்டு. வேண்டாம். சாதாரண வெல்டிங் உலோகம் உருளையின் அழுத்தத்தைத் தாங்கும் கடினத்தோடு இருக்காது. சூட்டில் குழாயும் வளையும். முனையைக் கடைந்து கடினப்படுத்திய ஸ்லீவ் ஏற்றுவது ஒரு வழி. முனையையே வெட்டிப் புது முனை இணைப்பது இன்னொரு வழி. அதை மையக்கோடு தவறாமல் பிடித்து நிறுத்தும் ஜிக் (தாங்குசட்டம்) உள்ள பட்டறையில் மட்டும் செய்யக் கொடுங்கள். கோடு தவறினால் சக்கரம் சாய்ந்து நிற்கும்.

ஹப்பைக் கழற்றும்போதே பாதிச் சேதம் நடந்துவிடுகிறது. ஆக்சில் முனையில் திருகிச் சுத்தியலால் அடிக்கும் 'நாக்-ஆஃப்' கருவி மலிவு, ஆனால் ஒவ்வொரு அடியும் ஆக்சில் வழியாக டிஃபரன்ஷியலுக்குள் (இரு பின் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரப் பெட்டிக்குள்) போகிறது. பிரேக் டிரம்மின் ஓரத்தைப் பிடித்து இழுக்கும் மூன்று கால் புல்லர் (கழற்றும் கருவி) தகட்டு டிரம்மைக் கோணலாக்கும். ஹப்பின் வெளிமுனை விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் புல்லர்தான் சரி. நட்டை முழுவதும் கழற்றாமல் சில சுற்று தளர்த்தி மரையிலேயே விட்டுவிட்டுப் புல்லரை இறுக்குங்கள். டேப்பர் (ஆக்சில் முனையும் ஹப்பும் இறுகிப் பொருந்தும் கூம்பு வடிவம்) பிடி விடும்போது ஹப் 'டப்'பென்று பாயும். அதை நட் தடுக்கும்.

ஆக்சிலும் ஹப்பும் சேரும் டேப்பர்தான் இந்த வேலையின் உயிர்நாடி. விசையைக் கடத்துவது டேப்பரின் பிடிமானம். கீ (ஆக்சிலுக்கும் ஹப்புக்கும் இடையே செருகும் சிறு இரும்புத் துண்டு) ஒரு துணை மட்டுமே. பிடி தளர்ந்தால் முழுச் சுமையும் கீயில் விழுந்து, கீவே (கீ உட்காரும் பள்ளம்) அகன்று, கிளட்ச் விடும்போது 'டக்' என்று சத்தம் கேட்கும். அப்படியே ஓட்டினால் கீ அறுந்துபோகும், இல்லாவிட்டால் ஆக்சில் கீவே ஓரத்தில் முறியும். இந்தக் காரில் சக்கரம் வெளியே கழன்று போகாமல் பிடிக்க ஆக்சிலைத் தவிர வேறு பிடிமானம் இல்லை. ஆக்சில் முறிந்தால் சக்கரம் டிரம்மோடு கழன்றுவிடும்.

ஆகவே மாட்டுமுன் கீயை எடுத்துவிட்டு, பிரஷ்யன் புளூவை (பரப்புகள் எங்கே தொடுகின்றன என்று காட்டும் நீல மையை) ஆக்சிலின் டேப்பரில் மெல்லத் தடவி ஹப்பை ஏற்றிப் பாருங்கள். நிறம் பெரும்பாலான பரப்பில் சீராகப் பதிய வேண்டும். ஒரு முனையில் மட்டும் பதிந்தால் வால்வு தேய்க்கும் பேஸ்ட்டால் இரண்டையும் சேர்த்துத் தேய்த்துப் பொருத்தலாம். பேஸ்ட் ஒரு துளிகூட மிஞ்சாமல் கழுவிவிட வேண்டும். டேப்பரில் கிரீஸோ எண்ணெயோ வேண்டவே வேண்டாம். கீ உயரமாக இருந்து ஹப்பைத் தாங்கிப் பிடித்தாலும் டேப்பர் உட்காராது. கீயில்லாமல் ஒரு தடவை, கீயோடு ஒரு தடவை ஹப் எவ்வளவு உள்ளே போகிறது என்று அளந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

டேப்பர் தேய்ந்த ஹப் அளவுக்கு மீறி உள்ளே போய், டிரம் அதன் பின்னால் அசையாமல் நிற்கும் பிரேக் தட்டில் உரசும். அதற்கென்று விற்கும் ஷிம்மை (மெல்லிய உலோகத் தகட்டை) டேப்பரைச் சுற்றி வைத்து ஹப்பை ஏற்றினால் இடைவெளி திரும்பக் கிடைக்கும். சீரான தேய்மானத்துக்கு அது உதவும். கீவே அகன்றிருந்தால், டேப்பரில் பள்ளமோ படியோ விழுந்திருந்தால் உதவாது. அங்கே ஷிம்மைத் திணிப்பது கோளாறை ஒளித்து வைப்பதற்குச் சமம்.

புது வார்ப்பிரும்பு டிரம் போடுவோர் பழைய ஸ்டட்களை (சக்கரத்தைப் பிடிக்கும் மரை ஆணிகளை) நேராக அழுத்தித் தள்ளாதீர்கள். தொழிற்சாலையில் அவற்றின் கழுத்தை விரித்து இறுக்கியிருப்பார்கள். உள்ளீடற்ற கட்டரால் அந்த விரிந்த உலோகத்தை முதலில் வெட்டாவிட்டால் ஹப்பின் ஓட்டை பெரிதாகி, புது ஸ்டட் சுற்றத் தொடங்கும். டிரம்மை ஹப்போடு இணைத்த பிறகே லேத்தில் ஏற்றிக் கடைய வேண்டும்.

சீல்களுக்கு வருவோம். ஹவுசிங்குக்குள் இருக்கும் சீல் டிஃபரன்ஷியல் எண்ணெயைத் தடுக்கிறது; அதன் உதடு டிஃபரன்ஷியலை நோக்கி இருக்க வேண்டும். ஹப்பின் சீல் கிரீஸைத் தடுக்கிறது. மெல்லிய கியர் எண்ணெய் ஊற்றினாலும், நிரப்பு துளை மட்டத்துக்கு மேல் ஊற்றினாலும் எண்ணெய் வெளியே நடந்து வந்துவிடும். இந்த வண்டிக்கு 600டபிள்யூ போன்ற கெட்டியான எண்ணெய்தான் பொருந்தும். உருளைகளுக்குக் கிரீஸைக் கையால் அழுத்தி நிரப்புங்கள். கிரீஸ் கன்னால் பம்ப் பண்ணிக்கொண்டே போனால் மிச்சம் பிரேக் ஷூவில்தான் சேரும். கிரீஸ் ஊறிய லைனிங்கைக் கழுவி மீட்க முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

கடைசியில் நட். குறைந்தது 100 அடி-பவுண்டு (சுமார் 136 நியூட்டன் மீட்டர்). பலர் 125 வரை போகிறார்கள். நட் கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின்னின் துளை நேருக்கு வரவில்லையென்றால் நட்டைத் தளர்த்தக் கூடாது, அடுத்த பள்ளம் வரும்வரை இறுக்க வேண்டும். முதல் 50 மைல் ஓடியதும் பின்னைக் கழற்றி நட்டை மறுபடி இறுக்கிப் பாருங்கள். டேப்பர் இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு தடவையும் நட் நகர்ந்துகொண்டே இருந்தால் ஹப்பைத் திரும்பக் கழற்றி நீல நிறச் சோதனையைச் செய்யுங்கள்.