புது வண்டுன்னு எழுதறதுக்கு முன்னாடி: டெல்டா பக்கம் பூச்சி பாக்கறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழை விட்ட ராத்திரில வாசல் லைட்டுக்கு வந்து விழுற வண்ட போட்டோ எடுத்துட்டு "அண்ணே, இது எங்கயும் மேட்ச் ஆகல, புது இனமா இருக்குமோ"ன்னு கேக்கற பசங்க இப்ப திருவாரூர், மயிலாடுதுறை, வேதாரண்யம் பக்கமெல்லாம் நிறைய பேர் இருக்காங்க. எனக்கு அதுல ரொம்ப சந்தோஷம். உலகத்துல இதுவரைக்கும் பேர் வச்ச வண்டு மட்டுமே சுமார் 4 லட்சம் இனம், இன்னும் பேர் வைக்காதது எவ்வளவோ இருக்கு, அதனால நம்ம வரப்புல ஒரு புது வண்டு கிடைக்கறது நடக்கக்கூடிய விஷயம்தான். ஆனா அத முறையா விவரிச்சு எழுதறதுல சறுக்கற இடங்கள் சிலது இருக்கு, நானும் சறுக்கியிருக்கேன், அதான் எழுதறேன்.

நெட்ல தேடினேன் கிடைக்கல, அதனால புதுசுதான்னு முடிவு பண்றதுதான் முதல் தப்பு, பெரிய தப்பும் அதான். நம்ம டெல்டாவுல இது இன்னும் ஆபத்து, ஏன்னா நம்ம பக்கத்துலயே தரங்கம்பாடி இருக்கு. 1620லேர்ந்து 1845 வரைக்கும் அது டேனிஷ்காரங்க ஊர். 1768ல அங்க வந்து இறங்கின டாக்டர் கோனிக், அப்புறம் டால்டார்ஃப்னு ஒரு டேனிஷ் அதிகாரி, இவங்கல்லாம் பூச்சிங்கள புடிச்சு கப்பல்ல ஐரோப்பாவுக்கு அனுப்பிக்கிட்டே இருந்தாங்க (1791ல பனையேறிக் கெண்டை பனமரத்துல ஏறுனத பாத்து எழுதினாரே, அவரும் இதே டால்டார்ஃப்தான்). அந்தப் பூச்சிங்களுக்கு பேர் வச்சவரு ஃபாப்ரீசியஸ், உயிரினங்களுக்கு ரெண்டு சொல்லுல பேர் வைக்கற முறைய நிலைநிறுத்தின லின்னேயஸோட மாணவர், தன் ஆயுசுல கிட்டத்தட்ட பத்தாயிரம் பூச்சிக்கு பேர் வச்ச மனுசன். லத்தீன்ல ரெண்டு மூணு வரி எழுதி கீழ இருப்பிடம் தரங்கம்பாடின்னு போட்டு முடிச்சிருப்பாரு. அந்த ரெண்டு வரிய வச்சு எந்த வண்டுன்னு சொல்றது கஷ்டம், ஆனா அவர் பாத்த மாதிரிகள் (பதப்படுத்தி வச்ச பூச்சிங்க) பலது இன்னமும் கோபன்ஹேகன் மியூசியத்துல பத்திரமா இருக்கு. அதனால பூம்புகார்ல சாணிக்குள்ள கிடைச்ச உங்க புது வண்டுக்கு 200 வருசத்துக்கு முன்னாடியே பேர் இருக்கலாம், அதே வண்டுக்கு பின்னாடி வேற யாரோ வேற நாட்டுலேர்ந்து இன்னொரு பேரும் வச்சிருக்கலாம், மூத்த பேருக்குத்தான் உரிமை. சாணி வண்டுன்னா ஆரோ (Arrow)ங்கற ஆராய்ச்சியாளர் 1931ல இந்திய வண்டுகள பத்தி எழுதின தொகுதிலேர்ந்து ஆரம்பிங்க, அங்கேர்ந்து பின்னாடி போயி ஃபாப்ரீசியஸ் வரைக்கும் பாருங்க. இந்த வேலைக்கு ஒரு வருசம் ஆனாலும் ஆகட்டும்.

அடுத்தது லேபிள், அதாவது ஒவ்வொரு மாதிரியோடயும் சேத்து வைக்கற விவரச் சீட்டு. இதுக்கும் தரங்கம்பாடியவே சொல்றேன். சிசின்டெலா ட்ராங்குபாரிகான்னு ஒரு புலி வண்டு இருக்கு, 1806ல ஹெர்ப்ஸ்ட்ங்கறவரு வச்ச பேரு, அர்த்தம் தரங்கம்பாடி (ட்ராங்குபார்) வண்டு. அது தரங்கம்பாடில இல்லவே இல்ல, வட அமெரிக்காவுல இருக்கற வண்டு! எங்கேர்ந்து வந்த மாதிரிங்கறதுல யாரோ பண்ண குழப்பம். விலங்குகளுக்கு அறிவியல் பேர் வைக்கற சர்வதேச விதிப்படி பேரோட அர்த்தம் தப்புங்கற ஒரே காரணத்துக்காக அத மாத்த முடியாது, அதனால 200 வருசமா ஒரு அமெரிக்க வண்டு நம்ம ஊர் பேர சுமந்துக்கிட்டு திரியுது. நான் ஒரு தடவ கொள்ளிடம் படுகையில எடுத்ததையும் திருவிடைமருதூர் பக்கம் ஒரு எருக்குழில எடுத்ததையும் ஒரே பையில போட்டுட்டு வீட்டுக்கு வந்து எழுதிக்கலாம்னு விட்டுட்டேன், மறுநாள் பாத்தா எது எங்கேர்ந்து வந்ததுன்னு தெரியல, அத்தனையும் ஆராய்ச்சிக்கு ஒதவாம போச்சு. இன்னிக்கும் மனசு அடிச்சுக்குது.

லேபிள்ல ஊர் பேர் மட்டும் எழுதறதும் பத்தாது. நல்லூர்னு எழுதினா எந்த நல்லூர்? மாவட்டத்த எழுதினாலும் அது நிக்காது, பழைய லேபிள்ல தஞ்சாவூர்னு இருக்கறது 1991க்கு அப்புறம் நாகப்பட்டினமா இருக்கலாம், 1997க்கு அப்புறம் திருவாரூரா இருக்கலாம், 2020 கடைசில மயிலாடுதுறையும் தனியா போயிருச்சு. போன்ல ஜிபிஎஸ் இருக்கு, அட்சரேகை தீர்க்கரேகைய எழுதுங்க, தேதி, யார் எடுத்தது, லைட்டுக்கு வந்துச்சா சாணில இருந்துச்சான்னு எல்லாத்தையும் அந்த எடத்துலயே எழுதிருங்க.

அப்புறம், ஒரே இனத்த ரெண்டா பாக்கற தப்பு. சாணி வண்டுல ஆன்தோஃபேகஸ்னு ஒரு பேரினம், ரெண்டாயிரத்துக்கும் மேல இனம் அதுல மட்டுமே இருக்கு. இதுல பல இனங்கள்ல நல்லா தின்னு வளந்த ஆணுக்கு பெரிய கொம்பு இருக்கும், தீனி பத்தாம வளந்த ஆணுக்கு கொம்பு சின்னதாவோ இல்லாமலோ இருக்கும், பொண்ணு வேற மாதிரி இருக்கும். மூணும் ஒரே சாணிக்குள்ள கிடைச்சா மூணு இனம்னு நெனைக்க தோணும். அதே மாதிரி கூட்டுலேர்ந்து அப்பதான் வெளிய வந்த வண்டு வெளுத்து பழுப்பா இருக்கும், கொஞ்ச நாள்ல கறுத்துரும், அத வேற நிறம்னு எழுதிராதீங்க. முடிஞ்ச வரைக்கும் ஆணும் பொண்ணும் சேத்து நெறைய மாதிரி எடுங்க, ஆண் வண்ட வெந்நீர்ல ஊறவச்சு பிறப்புறுப்ப வெளிய எடுத்து 10 சதவீதம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடுல சுத்தம் பண்ணி பாருங்க, ஏன்னா வெளித்தோற்றத்துல அச்சு அசலா இருக்கற ரெண்டு இனம் அங்கதான் பிரியும். டிஎன்ஏ பாக்கறது நல்லதுதான், ஆனா இத்தன சதவீதம் வித்தியாசம் வந்தா புதுசுன்னு எல்லா வண்டுக்கும் பொருந்தற கணக்கு எதுவும் கிடையாது, உடம்பையும் சேத்துதான் பாக்கணும்.

எழுதறப்ப "கறுப்பு, பளபளப்பு, 8 மில்லிமீட்டர்"னு முடிச்சா அது நூறு வண்டுக்கு பொருந்தும். பக்கத்து இனத்துலேர்ந்து இது எதுல மாறுதுங்கறத வார்த்தையில சொல்லணும், 1930க்கு அப்புறம் வந்த பேர்களுக்கு அது விதியே, வெறும் போட்டோ எவ்வளவு அழகா இருந்தாலும் செல்லாது. விவரிப்பு எந்த மொழில வேணா இருக்கலாம், தமிழ்ல எழுதினாலும் விதிப்படி செல்லும், ஆனா மத்த நாட்டுக்காரங்களும் படிக்கணுமே, அதனால இங்கிலீஷ்லயும் எழுதுங்க. பேர் மட்டும் லத்தீன் எழுத்துல இருந்தே ஆகணும். ஒரு ஆண் பேர்ல வச்சா சாதாரணமா கடைசில ஐ (i), பெண் பேர்லன்னா ஏ ஈ (ae). உங்க பேரையே வச்சுக்கறத விதி தடுக்கல, ஆனா அது முறையில்ல, எனக்கு சுத்தமா பிடிக்காது.

பேர முன்கூட்டியே ஃபேஸ்புக்லயோ பேப்பர்லயோ விட்டுராதீங்க, பின்னாடி குழப்பம்தான். ஆன்லைன்ல மட்டும் வர்ற இதழ்னா வெளியிடறதுக்கு முன்னாடியே ஜூபேங்க்ல (விலங்குப் பேர்களுக்கான ஆன்லைன் பதிவேடு) பதிவு பண்ணி அந்த பதிவு கட்டுரையிலயே தெரியணும், இல்லாட்டி பேர் செல்லாது. 2000லேர்ந்து ஹோலோடைப் (அந்தப் பேருக்கு ஆதாரமா நிக்கற ஒரே மாதிரி வண்டு) எதுன்னு தெளிவா சொல்லணும், அது எந்த சேகரிப்புல இருக்குங்கறதையும் எழுதணும், அத வீட்டு பீரோல வச்சுக்க நெனைக்காதீங்க, எறும்பும் பூஞ்சையும் நம்ம ஊர் ஈரத்துல ஒரு மழைக்காலத்துல முடிச்சிரும். 2002 பல்லுயிர்ச் சட்டப்படி புது இனம் கண்டுபிடிச்சா அதுக்குன்னு அறிவிச்ச காப்பகத்துக்கு தெரியப்படுத்தி மாதிரியையும் குடுக்கணும், இந்திய விலங்கியல் ஆய்வு மையம் அப்படி ஒண்ணு. கோடியக்கரை சரணாலயத்துக்குள்ள வனத்துறை அனுமதி இல்லாம ஒரு வண்டு கூட எடுக்காதீங்க.

ஐப்பசி மழைக்கு கொல்லையில பூச்சி வந்து உக்கார வெள்ள வேட்டிய திரையா கட்டி லைட் போட போறவங்க, லேபிள் சீட்டையும் பென்சிலையும் சட்டைப் பையிலயே வச்சுக்கங்க. பால்பாயிண்ட் பேனால எழுதினா மாதிரிய போட்டு வைக்கற ஆல்கஹால் பட்டதும் கரைஞ்சு போயிரும்.