லினக்ஸில் நெட் வரவில்லையா? கீழ்ப்படியிலிருந்து பாருங்கள்

வைஃபை சின்னம் முழுசாகத் தெரிகிறது, பிரவுசரில் ஒரு பக்கமும் திறக்கவில்லை. உடனே உபுண்டுவை (லினக்ஸின் ஒரு வகை) மறுபடி இன்ஸ்டால் செய்யப் போகாதீர்கள். கோளாறு எந்தப் படியில் என்பதை, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலே காட்டிவிடும்.

முதலில், கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கார்டுகளையும் முகவரிகளையும் காட்டும் 'ஐபி ஏ' கட்டளை. கேபிள் போர்ட்டின் பெயர் பெரும்பாலும் 'இஎன்' என்றும், வைஃபை கார்டின் பெயர் 'டபிள்யூஎல்' என்றும் தொடங்கும். அதன் கீழே 192.168 என்று தொடங்கும் முகவரி இருந்தால் அடுத்த படிக்குப் போகலாம். 169.254 என்றிருந்தால் ரௌட்டர் முகவரி தரவில்லை, கம்ப்யூட்டர் தானாக ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். 'நோ-கேரியர்' (கேபிளில் சிக்னல் இல்லை) என்றால் கேபிளின் இரு முனைகளையும் கழற்றிச் செருகி, போர்ட் விளக்கு எரிகிறதா பாருங்கள்.

வைஃபை கார்டு பட்டியலிலேயே இல்லையென்றால் பெரும்பாலும் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) சிக்கல். பிராட்காம் சிப்களில் இது சகஜம். ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பியில் செருகி டெதரிங் (போனின் நெட்டைப் பகிர்வது) போட்டால் தற்காலிகமாக நெட் கிடைக்கும். அதை வைத்தே உபுண்டுவின் 'அடிஷனல் டிரைவர்ஸ்' வழியாக டிரைவரை ஏற்றலாம். கார்டு இருந்தும் வைஃபை ஆன் ஆகாவிட்டால், அது முடக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும் 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' போடுங்கள். 'சாஃப்ட் பிளாக்ட்' என்றால் 'சூடோ ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை' போதும். 'ஹார்ட் பிளாக்ட்' என்றால் லேப்டாப்பில் உள்ள வைஃபை சுவிட்சைத்தான் தேட வேண்டும்.

அடுத்து 'ஐபி ரூட்'. 'டிஃபால்ட் வயா' என்பதற்குப் பிறகு வரும் எண்தான் ரௌட்டர். அதை பிங் செய்யுங்கள் (பதில் வருகிறதா என்று சோதிக்கும் கட்டளை), பிறகு வெளியே இருக்கும் கூகுளின் 8.8.8.8-ஐ. ரௌட்டர் பதில் தந்து 8.8.8.8 தராவிட்டால், போனிலும் அதே வைஃபையில் பாருங்கள். அங்கும் வராவிட்டால் கோளாறு வெளியே. கம்ப்யூட்டரில் கைவைக்க வேண்டாம்.

எண்ணுக்குப் பதில் வந்து, தளத்தின் பெயருக்கு 'டெம்பரரி ஃபெயிலியர் இன் நேம் ரெசல்யூஷன்' என்று வந்தால், தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் கோளாறு. நெட்வொர்க் செட்டிங்ஸில் அந்த இணைப்பின் பல்சக்கரச் சின்னத்தை அழுத்தி, ஐபிவி4 பகுதியில் டிஎன்எஸ்ஸுக்கான 'ஆட்டோமேட்டிக்'கை அணைத்து, 1.1.1.1, 8.8.8.8 என்று கொடுங்கள். இணைப்பை ஒருமுறை அணைத்துப் போட்டால்தான் மாற்றம் நடப்புக்கு வரும். பலர் நேராக, டிஎன்எஸ் முகவரி இருக்கும் 'ரெசால்வ்.கான்ஃப்' ஃபைலைத் திருத்துகிறார்கள். உபுண்டுவில் அது தானாக எழுதப்படும் ஃபைல், உங்கள் திருத்தம் நிலைக்காது. அதில் 127.0.0.53 (இதே கம்ப்யூட்டரைக் குறிக்கும் முகவரி) என்று இருப்பதும் கோளாறல்ல.

பிங் எல்லாம் சரி, பிரவுசர் மட்டும் சான்றிதழ் பிழை சொல்கிறதா? கம்ப்யூட்டரின் தேதியைப் பாருங்கள், அது தவறானால் தளத்தின் சான்றிதழ் செல்லாதது போலத் தெரியும். பழைய டெஸ்க்டாப்பில் மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரி தீர்ந்தால் கடிகாரம் பின்னுக்குப் போய்விடும்.