பழைய நாணயம் வாங்குமுன் வியாபாரியை அறிதல்

சேகரிப்புக்காக நாணயக் குற்றி வாங்க விரும்புவோர், ஒரு வியாபாரியிடம் முதன்முறை செல்லும்போது வாங்கப் போகாமல் விற்கப் போவது நல்லது. கொழும்பில் பல வீட்டு அலுமாரிகளில் 1957ஆம் ஆண்டின் புத்த ஜயந்தி ஐந்து ரூபாய் வெள்ளிக் குற்றி ஒன்று கிடக்கும். அதன் நிறை ஏறத்தாழ 28.28 கிராம், அதில் 92.5 சதவீதம் வெள்ளி. ஆகவே அன்றைய வெள்ளி விலையை நகைக்கடைகள் நிறைந்த செட்டியார் தெருவில் கேட்டறிந்தால், உருக்கினாலும் அது எவ்வளவு பெறும் என்பது கடைக்குள் நுழையும் முன்பே நமக்குத் தெரிந்துவிடும். என்ன விலைக்கு எடுப்பீர்கள் என்று கேளுங்கள். தேர்ந்த வியாபாரி குற்றியை விளிம்பில் பிடித்து எடுப்பார், முகப்பில் விரல் படவிடமாட்டார், விளக்கின் கீழே சாய்த்துப் பார்ப்பார், நம் கண்ணெதிரே நிறுப்பார், பிறகு விலையையும் அதற்கான காரணத்தையும் சொல்வார். வெள்ளி விலைக்கும் மிகக் கீழான ஒரு தொகையைச் சொல்லி, "இதையெல்லாம் இப்போது யார் வாங்குகிறார்கள்" என்பவரிடம் பின்னர் எதையும் வாங்க வேண்டியதில்லை. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி இருக்கத்தான் செய்யும், அதுவே அவரது பிழைப்பு. கேட்டால் அதை மறைக்காமல் சொல்கிறாரா என்று கவனியுங்கள்.

நானும் அவ்வாறே சென்றேன், ஆனால் ஓர் அசட்டுத்தனத்தோடு. பாட்டனாரின் குற்றியைக் குத்துவிளக்கு துலக்குவது போலப் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்துப் பளபளப்பாகக் கொண்டுபோய் வைத்தேன். வியாபாரி தம் உருப்பெருக்கிக் கண்ணாடியை என்னிடமே நீட்டி, எழுத்துகளுக்கிடையே மயிரிழை போன்ற கீறல்கள் ஓடுவதைக் காட்டி, "தம்பி, இது இனி வெள்ளி விலைக்குத்தான் போகும்" என்றார். அடுத்த மாதம் அவர் கடையிலிருந்த 1870ஆம் ஆண்டு விக்டோரியா ஒரு சதத்தை நான் ஆசைப்பட்டுக் கேட்டபோதும் அதே கண்ணாடியை நீட்டினார். அதிலும் துலக்கிய தடம் இருந்தது. தம் சரக்கின் குறையைத் தாமே எடுத்துக் காட்டுபவர் அகப்பட்டால் விட்டுவிடாதீர்கள்.

மறுபுறத்தில், வேறொரு கடையில் ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியின் வி.ஓ.சி. முத்திரை கொண்ட செப்புக் காசு ஒன்றை வாங்கி ஏமாந்தேன். (இந்த எழுத்துகளைக் கண்டு வ. உ. சிதம்பரனாரை நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.) வீட்டுக்கு வந்து பார்த்தபோது விளிம்பைச் சுற்றி மெல்லிய பொருத்துக்கோடு தெரிந்தது, அச்சால் அடித்து உருவாக்கப்பட வேண்டிய காசு, அச்சுக்குழியில் ஊற்றி வார்க்கப்பட்டிருந்தது. திரும்பக் கொண்டு சென்றபோது பற்றுச்சீட்டைப் பார்க்கச் சொன்னார்கள். அதில் "பழைய காசு - 1" என்று மட்டுமே எழுதியிருந்தது. அன்றிலிருந்து காசின் பெயர், ஆண்டு, உலோகம், நிறை, துலக்கியதா ஒட்டுப்போட்டதா என்பது, போலியென்று தெரியவந்தால் எத்தனை நாளுக்குள் பணம் திரும்பக் கிடைக்கும் என்பது ஆகிய அனைத்தையும் பற்றுச்சீட்டில் எழுதித் தரக் கேட்கிறேன். எழுதத் தயங்குபவர் வாயால் சொல்வதை நான் கணக்கில் எடுப்பதில்லை.

தட்டாரிடம் காட்டிவிட்டால் போதும் என்று எண்ணுவோரும் உண்டு. அவர் உலோகத்தைச் சொல்வார், நல்ல வெள்ளியில் செய்த போலியை அவரால் பிரித்தறிய இயலாது. உரைகல்லில் உரசினாலோ குற்றிக்கே கேடு. கண்ணைப் பழக்கிக்கொள்ள, கோட்டை சதாம் வீதியிலுள்ள மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று அரும்பொருட்காட்சியகத்தில் மெய்யான காசுகளை நிதானமாகப் பார்த்துவிட்டுக் கடைக்குச் செல்லலாம். பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. போன்ற வெளிநாட்டு நிறுவனங்கள் தரம்பிரித்துப் பெட்டியிலிட்ட குற்றியானால், பெட்டியின் இலக்கத்தை அந்நிறுவனத்தின் இணையதளத்தில் கொடுத்துப் பாருங்கள். பெட்டிகளிலும் போலி உண்டு.

நந்தியும் அதன் கீழே "சேது" என்ற தமிழ் எழுத்தும் கொண்ட யாழ்ப்பாண அரசின் காசைத் தேடுவோர் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: இது உங்களுக்கு எங்கிருந்து வந்தது? 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி, 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட பொருள்கள் தொல்பொருள்களாகக் கருதப்படும். மண்ணுக்குள்ளிருந்து புதிதாகக் கண்டெடுக்கப்படுவன அரசுக்குரியவை, நிலம் யாருடையதாயினும் சரி. எனவே, வயலை உழும்போது கிடைத்தது என்று பெருமையோடு சொல்பவரிடம் பேரம் பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள். இத்தகைய காசை அனுமதிப்பத்திரமின்றி நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்லவும் இயலாது. கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினருக்குப் பரிசளிக்க வாங்குகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். பணத்தை வாங்குமுன் இந்தத் தடையை எடுத்துச் சொல்லி, விற்பனையே கைநழுவினாலும் பரவாயில்லை என்றிருக்கும் வியாபாரியின் கடைக்கு அடுத்த மாதமும் போகலாம்.